தப்பான புத்தகத்தை எடுத்து வரட்டும்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. வகுப்பில் நன்றாகப் படிக்கிறான். ஆனால் பாடப் புத்தகத்தைத் தாண்டி ஒரு வரி படிக்க மாட்டேன் என்கிறான். நடந்து போகும் தூரத்திலேயே ஒரு பொது நூலகம் இருக்கிறது. இரண்டு முறை அழைத்துப் போனேன். முதல் முறை காமிக்ஸ் ஒன்றை எடுத்தான். அதை வைக்கச் சொல்லிவிட்டு விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறு ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். அதை அவன் திறக்கவே இல்லை. அடுத்த முறை எதுவும் வேண்டாம் என்று வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு புத்தகம் முடித்தால் அரை மணி நேரம் கூடுதலாகப் போனில் விளையாடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நான்கு நாள் படித்தான், அப்புறம் விட்டுவிட்டான். என் மாமனார், "கதைப் புத்தகம் படிப்பைக் கெடுக்கும், விடும்மா" என்கிறார். எனக்கே முன்பு விடிய விடியப் படிக்கும் பழக்கம் இருந்தது. இப்போது இரண்டு பக்கம் தாண்டினால் கை போனைத் தேடுகிறது. எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது, விடாமல் நூலகத்துக்குப் போவதில் உண்மையிலேயே பயன் உண்டா? உண்டு என்றால் நான் எங்கே தவறினேன்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இருபத்திரண்டு வருடமாகப் பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் பிரிவில்தான். நீங்கள் எழுதியிருப்பதை வாரம் ஒரு முறையாவது என் மேஜைக்கு முன்னால் நேரில் பார்க்கிறேன். பிள்ளை ஒரு புத்தகத்தோடு ஓடி வரும். பக்கத்தில் நிற்கும் அம்மாவோ அப்பாவோ அதை வாங்கிப் புரட்டிவிட்டு, "இது எதுக்கு? போய் நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வா" என்பார்கள். அது திரும்பிப் போகும் நடையிலேயே தெரிந்துவிடும். இனி அது எடுத்து வரப்போவது அம்மாவுக்குப் பிடித்த புத்தகத்தைத்தான்.

உங்கள் மகனிடம் குறை ஒன்றும் இல்லை. முதல் நாள் அவன் செய்தது சரியான காரியம். நூலகத்துக்குள் நுழைந்து, தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்தான். எத்தனையோ பிள்ளைகளுக்கு இது வருவதற்கே நாலைந்து தடவை ஆகும். உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தக் காமிக்ஸைத் திரும்ப வைக்கச் சொன்ன இடத்தில்தான் தவறினீர்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வாசிப்பு தொடங்கிவிடுகிறது. அந்தப் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால், மீதிப் பாதி அவனுக்கு வீட்டுப்பாடமாகத்தான் தெரியும்.

ஒரு பிள்ளையைத் தனியாக விட்டால் எப்படிப் புத்தகம் தேடும் என்று பார்த்திருக்கிறீர்களா? புத்தகத்தின் முதுகில் இருக்கும் பெயரைப் படிக்க, அடுக்கின் முன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளும். விரலை வரிசையாக ஓட்டிக்கொண்டே போகும். ஒன்றை உருவும். அட்டையைப் பார்க்கும். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கும், முதல் பக்கத்தைத் திறப்பது அபூர்வம். படம் எத்தனை, எழுத்து எவ்வளவு பொடி என்று பார்க்கும். கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்க்கும். ஒரு வரி படித்துவிட்டுத் திரும்ப வைக்கும், பெரும்பாலும் வேறு இடத்தில். இரண்டு நிமிஷம் கழித்து வந்து அதையே மறுபடி உருவும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு புத்தகம் கை மாறிய பிறகு ஒன்று மட்டும் அக்குளில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கால் மணி நேரமும் அந்தப் பிள்ளை, "எனக்கு என்ன பிடிக்கும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க மற்றவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் வயதில், இந்தக் கேள்வியை அது வேறு எங்கே கேட்டுக்கொள்ளும்?

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பைச் செய்துவிட்டுத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி பெரியவர்கள் பிரிவிலிருந்து வானியல் புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். கனமான புத்தகம். "இது பெரியவங்களுக்கானதும்மா, உனக்குப் புரியாது" என்று சொல்லி, படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுத்ததோடு சரி, அப்புறம் வரவே இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவளுடைய அக்காவோடு வந்தபோது, யாரையும் கேட்காமல் அதே அடுக்குக்குப் போனாள். அதே புத்தகம். இந்த முறை வாயைத் திறக்காமல் பதிந்து கொடுத்தேன். அதில் முக்கால்வாசி அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் சனிக் கோளின் வளையப் படத்தை என்னிடம் கொண்டு வந்து காட்டி, கீழே பொடி எழுத்தில் இருந்த இரண்டு வரியைத் தட்டுத் தடுமாறிப் படித்தாள். அந்தப் புத்தகத்தை இரண்டு முறை புதுப்பித்தாள். புரியாத புத்தகத்தோடும் ஒரு பிள்ளைக்கு உறவு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த ஏழெட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நூலகத்தின் பெரிய பயன் என்று நான் நினைப்பது இதைத்தான்: அங்கே தப்பான புத்தகத்தை எடுத்தாலும் நஷ்டம் இல்லை. விலை கொடுத்து வாங்கிய புத்தகம் என்றால் "இவ்வளவு பணம் கொடுத்திருக்கு, முடிச்சிடு" என்ற குரல் கூடவே வரும். இரவல் புத்தகத்துக்கு அந்தப் பாரம் கிடையாது. பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடு, வேறு எடு. நாலு தப்பான புத்தகத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்த பிள்ளைக்குத்தான் ஐந்தாவதைக் கையில் எடுத்ததுமே "இது எனக்கு" என்று தெரியும். ருசி அப்படித்தான் பழகும். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொல்வார்: எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் அவகாசம் கொடுங்கள், அதற்குள் பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100லிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் எண் அளவுக்குப் படித்தால் போதும். பத்து வயதுப் பையனுக்கு 50 பக்கம்கூட அதிகம். ஐந்து பக்கத்தில் மூடினாலும் விட்டுவிடுங்கள்.

காமிக்ஸைப் பற்றி. அதில் மொழி இல்லை, படம்தான் இருக்கிறது என்ற பயம் உங்களுக்கு. டொனால்ட் ஹேய்ஸ், மார்கரெட் ஆரென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டார்கள். அச்சிலும் பேச்சிலும் ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அபூர்வச் சொல் வருகிறது என்று எண்ணினார்கள். ஆங்கிலத்தில் எடுத்த கணக்கு அது. கல்லூரியில் படித்த பெரியவர்கள் நண்பர்களோடு பேசும்போது சுமார் 17. குழந்தைகளுக்கான புத்தகங்களில் சுமார் 31. காமிக்ஸில் 53. பெரியவர்கள் படிக்கும் புத்தகங்களில் வந்த எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். எல்லா மொழிக்கும் இதே எண் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் எவ்வளவுதான் பேசினாலும், அச்சில் மட்டுமே எதிர்ப்படும் சொற்கள் ஏராளம் உண்டு. "சாப்பிட்டியா, குளிச்சியா, எழுதினியா" என்ற மூன்று கேள்விக்குள் எத்தனை சொல் அடங்கும்? அவன் காமிக்ஸ் எடுத்தால் ஒன்றுக்கு நாலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த அரை மணி நேரப் பேரம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை உடனே நிறுத்திவிடுங்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை உளவியலில் பெயர் பெற்றது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மற்றவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். போன் சம்பளம், புத்தகம் வேலை என்று நீங்களே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். நான்கு நாள் சம்பளத்துக்கு உழைத்தான், அலுத்துப்போனதும் வேலையை விட்டுவிட்டான்.

இதே காரணத்துக்காகத்தான் "கதைச் சுருக்கம் சொல்லு", "இதிலிருந்து என்ன தெரிஞ்சுகிட்ட?" என்று கேட்பதையும் வேண்டாம் என்கிறேன். ஒரு சினிமா பார்த்துவிட்டு வெளியே வரும்போது வாசலில் ஒருவர் நின்று கேள்வித்தாள் கொடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவனாக வந்து சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் படிப்பதைச் சொல்லுங்கள். "நான் படிக்கிற கதையில ஒரு ஆள் வீட்டை விட்டு ஓடிப்போயிட்டான், எதுக்குன்னே இன்னும் தெரியலை" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, "அந்த ஆள் என்னம்மா ஆனான்?" என்று அவனே வந்து கேட்கக் கூடும்.

"எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது" என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும்தான். ஆனால் போனில் நீங்கள் கேட்டது கிடைக்கும், அல்லது நேற்று பார்த்ததைப் போலவே இன்னொன்று கிடைக்கும். அடுக்கில், தேடிப் போனதற்குப் பக்கத்தில் இருப்பதும் கண்ணில் படும். மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டு முறையைத்தான் உலகில் ஏராளமான நூலகங்கள் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், உறவுள்ள பொருள்கள் பக்கத்துப் பக்கத்து எண்ணில். உங்கள் நூலகமும் இந்த முறையில் அடுக்கியிருந்தால் அவனுக்கு அந்த எண்களைக் காட்டிக் கொடுங்கள். டைனோசர் 567.9. பறவைகள் 598. விண்வெளிப் பயணம் 629.4. நாய் 636.7, பூனை 636.8. மேஜிக் 793.8. விளையாட்டுகள் 796. காமிக்ஸ் 741.5. அவனுக்கு எதில் ஆசை என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு வீட்டு எண் உண்டு. பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போகும். நாய்ப் புத்தகத்துக்காக 636க்கு வந்த பையன் அதே அடுக்கில் குதிரையைப் பார்ப்பான், கோழி வளர்ப்பைப் பார்ப்பான். இப்படி அடுக்கு விட்டு அடுக்கு தாவுவதைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு அலுத்ததே இல்லை.

கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரானவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலக அறிவியல் படிக்கும் எல்லோரும் இன்றும் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. மூன்றாவது அதையே திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். படித்த காலத்தில் இந்த மூன்றாவது விதியை நான் மனப்பாடம் மட்டும்தான் செய்தேன். வருடக்கணக்கில் யாரும் தொடாத ஒரு புத்தகத்தை ஒரு பையன் எங்கிருந்தோ உருவி எடுத்து வந்து என் மேஜையில் வைத்தபோதுதான், அது எவ்வளவு அழகான வாக்கியம் என்று தெரிந்தது. உங்கள் மகனுக்காகவும் எங்கேயோ ஓர் அடுக்கில் ஒன்று இருக்கிறது. அது எது என்று உங்களுக்கும் தெரியாது, நூலகருக்கும் தெரியாது. அவன் அந்தப் பக்கம் நடந்து போனால்தான் உண்டு.

மாமனார் சொல்வதைத் தள்ள வேண்டாம். பரீட்சை நேரத்தில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்த தலைமுறை அவருடையது, அக்கறையில்தான் சொல்கிறார். அவரிடம் பொறுமையாக ஒரு தகவலைச் சொல்லுங்கள். 15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பிசா தேர்வு முதன்முதலில் நடந்தது 2000இல். அந்தஸ்து குறைந்த வேலையில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள், ஆனால் விரும்பி நிறையப் படிப்பவர்கள் – இவர்கள் வாசிப்புத் தேர்வில், உயர்ந்த வேலையில் இருக்கும் பெற்றோருக்குப் பிறந்தும் படிப்பதில் நாட்டமில்லாத பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். விரும்பிப் படித்ததால் மட்டுமே மதிப்பெண் வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. நன்றாகப் படிக்க வருவதால் விரும்புகிறவர்களும் உண்டு. ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடும். படிப்பைக் கெடுக்கிறது என்பதற்கு மட்டும் அதில் இடமே இல்லை. இன்னொன்றும் செய்யுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செய்தித்தாள் மேஜையில் அவருக்கு ஒரு நாற்காலி நிச்சயம் இருக்கும். தாத்தா ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கும் இடம் என்றாலே பேரனுக்கு அந்த இடத்தின் மேல் இருக்கும் எண்ணம் மாறும்.

இப்போது உங்களைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என் மனதைத் தொட்டது அந்த "விடிய விடிய" என்ற சொல்தான். அந்தப் பழக்கம் உங்களை விட்டு எங்கேயும் போய்விடவில்லை. நீளமாகப் படிக்கும் தெம்பு மட்டும்தான் குறைந்திருக்கிறது, ரொம்ப நாள் நடக்காதவரின் கால் மாதிரி. திடீரென்று 600 பக்க நாவலை எடுத்து அதோடு மல்லுக்கட்டாதீர்கள். மெல்லிய புத்தகமாக, சிறுகதையாக எடுங்கள். முன்பு படித்துப் பிடித்த ஒன்றை மறுபடி எடுத்தாலும் நல்லது, தெரிந்த வீட்டுக்குள் நுழைவது சுலபம். முக்கியமாக, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் நூலகத்திலேயே உட்கார்ந்து இருபது நிமிஷம் படியுங்கள். போன் பையின் அடியில் கிடக்கட்டும். சுற்றி நாலு பேர் தலை குனிந்து படித்துக்கொண்டிருக்கும் அறையில் கை அவ்வளவு சீக்கிரம் போனைத் தேடாது. வீட்டில் நாம் நம்மோடு போராட வேண்டியிருக்கிறது. அங்கே அந்த அறையே நமக்கு உதவுகிறது. இரண்டு மாதம் இப்படிப் போய்ப் பாருங்கள், இருபது நிமிஷம் தானாக நீளும்.

உங்கள் மகனுக்குச் செய்யக் கூடியதில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. "படி" என்று சொல்லும் அம்மாவை அவன் தினமும் பார்க்கிறான். தனக்காகப் படித்து, ஒரு பக்கத்தில் சிரித்து, "இரு, இந்த ஒரு பத்தி முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லும் அம்மாவை அவன் எப்போது பார்த்தான்? இரவில் படுக்கும் முன் அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவும் செய்யுங்கள். பத்து வயது ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் தாங்களே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். அவனால் இப்போது தனியாக ஏற முடியாத புத்தகத்துக்குள்ளும் உங்கள் குரல் அவனைக் கூட்டிப் போகும்.

விடாமல் போவது பற்றிக் கேட்டீர்கள். நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று வைத்தால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. ஒரு கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மழையோ விருந்தாளியோ எதுவானாலும் அன்றைக்குப் போக வேண்டும். திருப்பித் தர வேண்டிய தேதி இதற்குத்தான் உதவுகிறது. அதை அபராதத்துக்கான தேதியாகப் பார்க்காதீர்கள், மறுபடி வரச் சொல்லும் தேதி அது. இரண்டு வாரத் தவணை என்றாலும் வாரா வாரம் போங்கள். போனதும் முதலில், அன்றைக்குத் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் வண்டியைப் பாருங்கள். ஊரில் மற்றவர்கள் படித்து முடித்தது அதில் இருக்கும், நல்ல புத்தகங்கள் நிறைய அங்கேதான் அகப்படும். உறுப்பினர் அட்டை அவன் பெயரிலேயே தனியாக இருக்கட்டும், அவனே வைத்துக்கொள்ளட்டும், அவனே நீட்டட்டும். ஒரு பக்கம் கிழிந்துபோனால் திட்டாதீர்கள். செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அது மஞ்சளாகிப் பக்கத்தையே கெடுத்துவிடும். அப்படியே கொண்டு வந்து நூலகரிடம் காட்டச் சொல்லுங்கள். அதை ஒட்டுவதற்கு எங்களிடம் தனியாகப் பசையும் தாளும் இருக்கின்றன, இதற்காக எந்த நூலகரும் ஒரு பிள்ளையைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒருவேளை வரும் வாரமும் அவன் எதுவும் வேண்டாம் என்று நின்றால்? நிற்கட்டும். "சரி, நீ இரு, நான் என் புத்தகத்தைத் தேடிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் அடுக்குக்குப் போங்கள். தலையைச் சாய்த்துத் தேடுங்கள், உருவுங்கள், திரும்ப வையுங்கள், அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் வாசலில் நிற்க எந்தப் பத்து வயதுப் பையனாலும் முடியாது. உள்ளே வந்து சுற்றினால் கண்டுகொள்ளாதீர்கள். ஒன்றும் எடுக்காவிட்டால் உங்கள் புத்தகத்தை மட்டும் பதிந்துகொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குக் கிளம்புங்கள். அடுத்த வாரம் அதே கிழமை, மறுபடியும் போங்கள்.

அன்புடன்,
உங்கள் நூலகர்